ஸ்கிப் பட்டன் இல்லாத பாடம்

என் வேலை என்ன என்று ஒருவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். செம்பூரில் ஒரு கம்பெனி. வங்கிக்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் வீடியோவாகவும் பிபிடியாகவும் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுவார்கள். அதை அள்ளி, வெட்டி, எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்தி, மாட்யூல் மாட்யூலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்வி வைத்து, அதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் அடுத்தது திறக்காதபடி பூட்டுப் போட வேண்டும். இதுதான் நான் செய்வது. "அப்போ நீ டீச்சரா?" என்று தாராவியில் கேட்பார்கள். இல்லை. "கம்ப்யூட்டர் இன்ஜினியரா?" அதுவும் இல்லை. "பொறவு என்னத்தத்தான் செய்யுத?" என்று என்னைப் பெற்ற சேசம்மாளே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் கோவில் பங்குத்தந்தை ஃபாதர் செல்வத்துக்கு மட்டும் என் வேலை சட்டென்று புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் கோவிலில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வந்து சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்கிறோம். இப்போது மாப்பிள்ளைகள் பாதிப் பேர் மஸ்கட்டிலும் கப்பலிலும் இருக்கிறார்கள். லீவில் வந்து இறங்கினால் ஜவுளி எடுக்கவே நேரம் இல்லை, இதில் வகுப்பில் எங்கே உட்காருவது? ஆகவே வகுப்பை ஆன்லைனில் போட்டுவிடலாம் என்று ஃபாதர் முடிவு செய்தார். ஃபுக்கட்டில், காசு கேட்காமல் செய்து தருவதற்கு ஆள் வேண்டுமே. என்னைக் கூப்பிட்டார்.

நான் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். கோவண்டியில் அவனோடு வாழ்ந்தவரை வாழ்ந்துவிட்டு, இப்போது தாராவியில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இல்லை. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. திருச்சபைச் சட்டப்படி நான் இன்னும் கல்யாணமானவள், தெருவின் கணக்கில் வாழாவெட்டி. இதெல்லாம் ஃபாதருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு பென்டிரைவை என் கையில் கொடுத்தார்.

"ஜெனி, இதுல எல்லாம் இருக்கு. ஒழுங்கா அடுக்கிக் கொடு, போதும்" என்றார்.

ஒழுங்காக அடுக்குவதாம். அந்த பென்டிரைவைத் திறந்து பார்த்தால், கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவப் போட்டிருக்கும் இடம் மாதிரி இருந்தது. கல்யாணம் என்ற திருவருட்சாதனத்தைப் பற்றி ஃபாதர் பேசியது, ஒரு டாக்டரம்மா பேசியது, ஒரு வங்கி மேனேஜர் வரவு செலவு பற்றிப் பேசியது எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தன. மிச்சம் முழுக்க ஜோசப்ராஜ் அண்ணாச்சி. 'பொறுமையே குடும்பத்தின் அஸ்திவாரம்' என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் பேசியிருந்தார். நடுவில் இரண்டு தடவை ஃபேன் நின்று, கரண்ட் வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

ஜோசப்ராஜ் அண்ணாச்சியைப் பற்றிச் சும்மா குறை சொல்லக் கூடாது. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். கோவிலில் எந்தக் காரியம் என்றாலும் முதலில் வந்து நிற்பார். கொரோனா சமயத்தில் எங்கள் சந்து முழுவதற்கும் அரிசி தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர்தான். கல்யாண வகுப்பை இத்தனை வருஷமும் கட்டி இழுத்து நடத்தியதும் அவர்தான். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் பெரிய ரோதனை.

எங்கள் தொழிலில் ஒரு பாடத்தைக் கையில் எடுத்தால், இதை முடித்ததும் படிக்கிறவர் என்ன செய்வார் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். வங்கி மேனேஜர் பாடத்துக்கு எழுதிவிட்டேன்: இருவரும் உட்கார்ந்து ஒரு மாத பட்ஜெட் போடுவார்கள். அண்ணாச்சி பாடத்துக்கு எழுத வரவில்லை. போன் போட்டேன்.

"அண்ணாச்சி, இந்த வீடியோவப் பாத்து முடிச்சதும் அந்தப் பொண்ணு என்ன செய்யணும்?"

"பொறுமையா இருக்கணும்."

"சரி. பொறுமையா இருக்கதுக்கு என்ன செய்யணும்?"

"என்னம்மா கேள்வி இது? ஒண்ணும் செய்யக் கூடாது. அதானே பொறுமை."

"மாப்பிள்ள?"

"அவன் சம்பாதிக்கணும்லா."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. கோவண்டியில் இருந்த நாளெல்லாம் நான் இந்த அண்ணாச்சி சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதாவது ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்தது என் இடது காதில் இன்றைக்கும் கேட்கும் இரைச்சல்.

மூன்று மணி நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாக வெட்டினேன். கோபத்தில் இல்லை, அதில் இருந்த சரக்கே அவ்வளவுதான். பிறகு எல்லாவற்றையும் ஐந்து பாடமாக அடுக்கினேன். ஆறாவதாக ஒரு பாடத்தை நானே சேர்த்தேன். பெயர், 'அடி விழுந்தால்'. கேமரா முன்னால் உட்கார்ந்து நானே பேசினேன். முதல் அடியை மறைக்காதே, யாரிடமாவது சொல். ஆதாரும் பாஸ்புக்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். போலீஸுக்குப் போவது பாவம் இல்லை. அடித்தவனே, நீயும் கேள், இது உன் பெண்டாட்டியின் தலையெழுத்து இல்லை, உன் குற்றம். மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரும் இதைப் பார்த்து முடித்தால்தான் சான்றிதழ் திறக்கும்படி பூட்டுப் போட்டேன். ஃபாதர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வெரி குட், வெரி குட்" என்றார். ஆறாவது பாடம்வரை அவர் வரவே இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

முதலில் அதைப் படிக்க வந்த ஜோடி யார் தெரியுமா? ஜோசப்ராஜ் அண்ணாச்சியின் மகள் அதீபாவும், மஸ்கட்டில் இருக்கும் அவள் மாப்பிள்ளை அஜினும். அதீபா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் ஒரு யுகம் ஆகும். வீட்டில் உட்கார்ந்து போனில் சத்தமாகப் பாடம் கேட்டிருக்கிறாள். ஐந்தாவது பாடம்வரை தலையை ஆட்டிக்கொண்டு கேட்ட அண்ணாச்சி, ஆறாவதில் என் குரல் வந்ததும் எழுந்து போனைப் பிடுங்கியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோவில் ஹாலில் கூட்டம் கூட்டிவிட்டார்கள். கமிட்டி ஆட்கள், வீடு வீடாகப் போய் ஜெபம் சொல்லும் மரியாயின் சேனைப் பெண்கள், நான், என் அம்மா. அம்மா மரியாயின் சேனையில் பழைய ஆள்.

"கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளையளுக்கு எப்படிப் பிரியணும்னு பாடம் எடுக்கலாமா ஃபாதர்? எங்கயாவது உண்டா இது?" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"பிரியச் சொல்லல அண்ணாச்சி. அடி வாங்காதன்னு சொல்லுதேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ அடி வாங்குனாத்தான் சேந்து இருக்க முடியும்னு நீங்களே சொல்லுதிய."

மரியாயின் சேனைப் பெண்களில் யாரோ சிரித்து, உடனே இருமிக்கொண்டார்கள். ஃபாதர் இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு யார் மனமும் நோகக் கூடாது.

"ஜெனி, எடுத்துடச் சொல்லல. கடைசில தனியா வச்சிடு. விருப்பப்பட்டவங்க பாத்துக்கட்டும். ஆப்ஷனல்."

ஆப்ஷனல்! எங்கள் தொழிலில் அது குப்பைத்தொட்டிக்கு வைத்திருக்கிற மரியாதையான பெயர். விரும்பினால் பார்க்கலாம் என்று போட்ட எதையும் எந்த ஜென்மமும் திறந்து பார்த்ததில்லை. வங்கிக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், யாரும் கேட்காத மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் அங்கேதான் போடச் சொல்வார்கள். அதை அப்படியே சொன்னேன். "வச்சா பூட்டோட வைங்க. இல்லன்னா முழுசா எடுத்துருங்க. கோர்ஸையே எடுத்துட்டுப் போயிருதேன்."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாடம் என்னங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் ஃபாதர். யாரு பேசுதாங்கிறதும் இருக்குல்லா? வாழப்போற பிள்ளையளுக்கு ஒரு வாழாவெட்டியா வந்து…"

முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே கேட்டது அன்றைக்குத்தான். அழுதுவிடுவேனோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

ஃபாதர் அவசரமாக இடையில் புகுந்தார். "சரி, இப்படிச் செய்வோம். பாடம் இருக்கட்டும், பூட்டும் இருக்கட்டும். ஆனா, ஜெனிக்குப் பதிலா, எல்லாரும் மதிக்கிற ஒரு குடும்பப் பொம்பள பேசட்டும். அனுபவப்பட்டவங்க யாராவது."

"நான் பேசுதேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் அம்மா.

ஹாலில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஏன் வராது? சேசம்மாள் என்றாலே சமாதானம். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் மரியாயின் சேனைக்காரர்கள் அம்மாவைத்தான் அழைத்துப் போவார்கள். கோபித்துக்கொண்டு வந்த பெண்களைப் பேசிப் பேசிப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"சேசக்கா பேசுனா எனக்கு முழுச் சம்மதம். அந்த வீடியோவ நான் பாக்கக்கூட வேண்டாம். அப்படியே போட்டுருங்க" என்றார் அண்ணாச்சி. ஃபாதர் அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வரும் வழியெல்லாம் அம்மாவைத் திட்டினேன். "எல்லார் முன்னாடியும் இப்படிக் காலை வாரி விட்டுட்டியே. இப்ப என்ன, பொறும பொறுமன்னு நீயும் பேசப் போறியா? அதுக்கு அந்த அண்ணாச்சியே போதுமே, நீ எதுக்கு?"

அம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒன் கேமரா எங்கட்டி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஆபீஸ் ரெக்கார்டிங் அறையைக் கேட்டு வாங்கினேன். போகும் வழியில் மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கியே தீர வேண்டும் என்றாள். அங்கேதான் நெருக்கிக் கட்டியிருப்பார்களாம். பூவை வைத்து, மரியாயின் சேனைப் பேட்ஜைக் குத்தி, புதுச் சேலையில் கேமரா முன்னால் ஜம்மென்று உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "ம், பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரெக்கார்டை அமுக்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு சேசம்மா. புருசன் வீட்டுல சண்ட போட்டுட்டு வந்த பிள்ளைய எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன். எல்லாத்துக்கும் எனக்கு நன்றி சொன்னாவ. அந்தப் பிள்ளைய சொல்லல. பெத்தவங்க சொன்னாவ."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"என் மவளும் வந்தா. மொத தடவ வரும்போது கன்னம் வீங்கியிருந்து. பல்லு வலியான்னு கேட்டேன். பல்லு வலி இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். அவளும் ஆமாம்மான்னு சொல்லிட்டா. நெத்திலிக் குழம்பு வச்சு, தூக்குவாளியில ஊத்தி, நானே ட்ரெயின்ல கோவண்டிக்குக் கூட்டிட்டுப் போயி விட்டேன். குழம்பு நல்லாருக்கு அத்தைன்னு மருமவன் சொன்னான். எனக்கு ரொம்பச் சந்தோசம். ரெண்டாவது தடவ வந்தா. மறுபடி குழம்பு வச்சேன்."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது தடவ அவ வீட்டுக்கு வரல. நேரா கோவில்ல போயி ஒக்காந்திருந்தா. யாரோ வந்து சொல்லித்தான் ஓடுனேன். ஏட்டி, வீட்டுக்கு வராம இங்க எதுக்குட்டி இருக்கன்னு கேட்டா, நீ குழம்பு வச்சிருவம்மான்னு சொல்லுதா. அடிச்சவனப் பாத்து அவ பயப்படல கேட்டியளா. என்னப் பாத்துப் பயந்திருக்கா."

அப்படி நான் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அம்மா அதை மறக்கவில்லை.

"கல்யாணம் முடிக்கப்போற பிள்ளையளுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல. வலிச்சா அதுகளுக்கே தெரியும். பெத்தவங்களுக்குத்தான் சொல்லுதேன். பிள்ள வந்து நின்னா, என்ன ஏதுன்னு வாசல்ல வச்சு விசாரிக்காதிய. கதவத் தொறங்க. சோறு போடுங்க. குழம்ப அவளுக்கு ஊத்துங்க. அவ்வளவுதான்."

கேமராவை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை. அழுதேன், நன்றாகவே அழுதேன். அம்மா என்னைத் தேற்றவெல்லாம் வரவில்லை. "சரியா வந்திருக்கா பாரு. இல்லன்னா இன்னொரு வாட்டி சொல்லணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா."

"நல்லது. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து அதை எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலைச் செய்துவிட்டு, பாடம் யாருக்கு என்பதிலேயே கோட்டை விட்டிருக்கிறேன். அடி வாங்கினால் எங்கே போவது என்று பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் போய் நிற்கிற வாசலில் இருப்பவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அவர்கள் இந்தக் கோர்ஸிலேயே இல்லையே.

ஆகவே, அவர்களைச் சேர்த்தேன். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு பக்கத்து அப்பா அம்மாவுக்கும் தனித்தனி லாகின். அவர்களுக்கு ஒரே ஒரு பாடம், அது சேசம்மாள் பாடம்; ஜோடிகளுக்கும் ஆறாவதில் என் வீடியோ இருந்த இடத்தில் அதையே போட்டேன். உயிரோடு இருக்கிற பெற்றோர் அத்தனை பேரும் அதைப் பார்த்து முடித்தால்தான் பிள்ளைகளின் சான்றிதழ் திறக்கும். வேகமாக ஓட்டிப் பார்க்க முடியாது, ஸ்கிப் பட்டன் கிடையாது. கடைசியில் ஒரே கேள்வி: உங்கள் மகள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள், முதலில் என்ன செய்வீர்கள்? மகன் மட்டும் இருப்பவர்களுக்கு, மருமகள். மூன்று பதில்கள். 'புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவேன்.' 'சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவேன்.' 'கதவைத் திறந்து உள்ளே அழைப்பேன்.' முதல் இரண்டில் எதை அமுக்கினாலும், பாடத்தை மறுபடி பார்க்கவும் என்று வரும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அம்மாவின் குரலிலேயே கேள்வியைப் பதிவு செய்து வைத்தேன்.

ஃபாதர் இந்தத் தடவை முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி பாத்துட்டாரா?" என்று கேட்டார்.

"பாக்கக்கூட வேண்டாம்னு சொன்னது அவங்கதானே ஃபாதர். நீங்க எழுதியே வச்சிருக்கீங்க."

அவர் கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அந்த மட்டுக்கும் நல்லது என்று பாடத்தை ஏற்றிவிட்டேன்.

அஜினின் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியில் இருந்தபடியே பார்த்து முடித்தார்கள். அதீபாவின் அம்மா அன்றைக்கே முடித்துவிட்டார். பாக்கி அண்ணாச்சி ஒருவர்தான். வருகிற ஞாயிறு முதல் ஓலை. வியாழக்கிழமை போன் வந்தது.

"ஏம்மா ஜெனி, இதுல ஸ்கிப் பட்டன எங்கம்மா வச்சிருக்க?"

"வைக்கல அண்ணாச்சி."

"நான் போனை ஓட விட்டுட்டுக் குளிச்சிட்டு வந்தேன். கேள்வி கேக்குது. பதில் சொன்னா தப்புங்குது. மறுபடி முதல்ல இருந்து ஒங்கம்மா பேசுதாவ."

"என்ன பதில் சொன்னிய?"

"புத்தி சொல்லுவேன்னு சொன்னேன். பெத்தவன் புத்தி சொல்லாம யாரு சொல்லுவா? என் பதில்ல தப்பு கெடையாது. ஒன் மிஷின்லதான் தப்பு. மாத்து."

"மாத்த மாட்டேன்."

"ஓலை நிக்கும்மா! மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. என் மவ கல்யாணத்துல வெளையாடுதியா?"

"நான் வெளையாடல அண்ணாச்சி. எல்லாம் உங்க பெருவிரல்லதான் இருக்கு."

திட்டினார். என்னைத் திட்டினார், என் அம்மாவைத் திட்டினார், இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. மறுநாள் கோவில் ஆபீஸுக்கு வரச்சொல்லி ஃபாதர் கூப்பிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து போனால், அண்ணாச்சி வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அதீபா, கிளினிக் யூனிஃபார்மோடு.

"ஜெனி, நீ நெனச்சா உள்ள இருந்தே பாஸ் போட்டுடலாம்ல?" என்றார் ஃபாதர்.

"போடலாம். போட மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதம்மா."

"இது ஒண்ணுதான் ஃபாதர் எனக்கு மிச்சம். இதையும் விட்டுட்டா, நான் அடுக்கிக் கொடுத்த கோர்ஸுக்கு அர்த்தமே இல்ல. வேற ஆள வச்சுப் பாத்துக்கோங்க."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். "சரி. சான்றிதழ் என் கையெழுத்துதானே. அது இல்லாமலே இந்த ஒரு தடவ ஓலை வாசிச்சிடுறேன். அண்ணாச்சி, நீங்க போங்க."

அவ்வளவுதான், முடிந்தது. தோற்றேன். பூட்டு என்னுடையதுதான், ஆனால் கோவில் அவருடையது. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அண்ணாச்சி எழுந்துவிட்டார். நானும் பையைத் தோளில் மாட்டினேன்.

"வாசிக்காதீங்க ஃபாதர்" என்றாள் அதீபா.

அவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னட்டி சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"அப்பா அத அமுக்காம ஓலை வாசிக்க வேண்டாம். நான் வீட்டுல பக்கத்துலயே இருந்தேன் ஃபாதர். ஒவ்வொரு வாட்டியும் அப்பா எத அமுக்குறாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். சேசம்மா பாட்டி அவ்ளோ சொல்லியும், ஹர் பார் அதே. திருப்பி அனுப்புவேன், திருப்பி அனுப்புவேன். கேள்வியில மகள்னு கேக்குது ஃபாதர். அவங்களுக்கு நான் ஒரே மகள்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? மிஷின் கேக்குத கேள்விட்டி அது. ஒன்ன நான் விட்டுருவனா?"

"அப்போ அத அமுக்குங்க."

"இத்தன வருசம் ஊருக்கெல்லாம் பொறும சொன்னவன்ட்டி நான். இப்ப நானே மாத்தி அமுக்குனா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"ஊருக்கு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கு இத அமுக்குங்க. பஸ், அவ்ளோதான்."

போனைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை. அண்ணாச்சி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் ஓலைப் புத்தகத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் அண்ணாச்சி. எத்தனையோ சொல்ல என் நாக்கு துடித்தது. இது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை குளிக்கப் போக வழியில்லை. என் அம்மா குழம்பு வைத்ததை, கோவண்டிக்குப் போனதை, மறுபடி குழம்பு வைத்ததை முழுசாகக் கேட்டார். கோவிலில் நான் உட்கார்ந்திருந்த கதை வந்தபோது கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கேள்வி வந்தது. விரல் பழக்கத்தில் முதல் பதில் பக்கம் போய், அங்கேயே நின்றது. விரல் கீழே இறங்கி மூன்றாவதை அமுக்கியது.

உங்கள் பதில்: கதவைத் திறந்து உள்ளே அழைப்பேன். சரி. சான்றிதழ் தயார்.

"போதுமா? இப்ப நிம்மதியா?" என்றார் அண்ணாச்சி. போனை அவளிடம் நீட்டினார்.

அதீபா போனை வாங்கிக்கொண்டாள். சான்றிதழைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பைத் திறந்தாள்.

"யாருக்குட்டி அனுப்புத?"

"அஜினுக்கு."

"அவனுக்கு எதுக்கு இது?"

"அவரும் பாக்கட்டும்ப்பா. எனக்கு வந்து நிக்க ஒரு வீடு இருக்குன்னு."

அனுப்பிவிட்டு, மஸ்கட்டிலிருந்து ப்ளூ டிக் விழும்வரை அவள் போனைக் கீழே வைக்கவில்லை.